ஜர்னி: பெயர் தெரியாத வழித்துணை

2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் ப்ளேஸ்டேஷன் 3 கருவிக்கு வெளியான 'ஜர்னி' என்ற வீடியோ கேமைத் தொடங்கி முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். அதில் யாரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சுட்டு வீழ்த்த எதிரிகள் இல்லை, சேர்க்கப் புள்ளிகள் இல்லை, உயிர் போய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலையும் இல்லை. முகத்தை மறைக்கும் சிவப்பு அங்கி அணிந்த ஓர் உருவம் பாலைவன மணலிலிருந்து எழுந்து நிற்கிறது. வெகு தொலைவில் ஒரு மலை தெரிகிறது. அதன் உச்சி பிளந்திருக்கிறது. பிளவிலிருந்து ஒளி கசிகிறது. அங்கே போக வேண்டும் என்பது எவரும் சொல்லாமலே நமக்கு விளங்கிவிடுகிறது. 2015இல் வந்த ப்ளேஸ்டேஷன் 4 பதிப்பில்தான் நான் இதை முதன்முதலில் விளையாடினேன். அதற்குப் பின் ஏழெட்டு முறை முழுவதுமாக முடித்திருக்கிறேன், ஒருமுறை ஐபோனிலும். வீடியோ கேம்களால் மனத்தின் ஆழத்தைத் தொட முடியுமா என்று ஐயத்தோடு கேட்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். ஏன் என்பதையும், இதில் எனக்குக் குறையாகப் படுபவற்றையும் இங்கே சொல்கிறேன். முடிவுவரை பேசப் போவதால், எதுவும் அறியாமல் விளையாட விரும்புகிறவர்கள் விளையாடிய பிறகு இதைப் படிப்பது நல்லது.

நம் பழைய இலக்கணத்தில் உணர்ச்சிக்கு மெய்ப்பாடு என்று பெயர். உள்ளத்தில் எழுந்தது மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவது அது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று அதை எட்டாக வகுத்தார்கள். சிறு வயது முதல் நான் விளையாடிய கேம்களை இந்த எட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை நான்கோடு நின்றுவிடுகின்றன. இருட்டில் ஏதாவது பாய்ந்தால் அச்சம். மூன்றாவது முறையும் தோற்றால் வெகுளி. ஒருவழியாக வென்றால் பெருமிதம். நண்பர்கள் உடனிருந்தால் உவகை. இந்த நான்கையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் இளமையின் பல மாலைகள் அவற்றால் நிறைந்தவை. ஆனால் அழுகையும், மருட்கை எனப்படும் வியப்பும் தேவைப்படும் இடத்தில், பல கேம்கள் கன்ட்ரோலரைக் கீழே வைக்கச் செய்துவிட்டு நடுவில் ஒரு குறும்படத்தை ஓட்டுகின்றன. ஒரு பாத்திரம் இறக்கிறது, வயலின் ஒலிக்கிறது, நாம் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்போது கண்ணீர் வந்தால் அதற்குரிய பெருமை திரைப்படக் கலைக்கே சேரும். ஜர்னி இந்த இரண்டு மெய்ப்பாடுகளையும், முக்கியமாக மருட்கையை, நம் விரல்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எழுப்புகிறது. அதனால்தான் உணர்ச்சியை உடம்போடு சேர்த்தே சொல்லும் அந்தப் பழைய சொல் இதற்குப் பொருத்தமாக எனக்குப் படுகிறது.

இதை உருவாக்கியது லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தைச் சேர்ந்த தட்கேம்கம்பெனி என்ற சிறு நிறுவனம். ஷாங்காயில் பிறந்த ஜெனோவா சென், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தம்முடன் படித்த கெல்லி சான்டியாகோவுடன் சேர்ந்து அதைத் தொடங்கினார். 2009இல் அவர்கள் வெளியிட்ட 'ஃப்ளவர்' என்ற கேமில் நாம் ஒரு காற்றாக வீசிப் பூவிதழ்களைத் திரட்டிக்கொண்டு புல்வெளிகளின் மேல் போவோம். அதிலும் அழகு இருந்தது, ஆனால் அங்கே நாம் தனியாகத்தான் இருந்தோம். இணையம் வழியே ஆயிரக்கணக்கானோர் கூடும் பெரிய கேம்களை நீண்ட காலம் விளையாடியவர் சென். அத்தனை பேர் நடுவிலும் தாம் தனியாகவே உணர்ந்ததாக அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அங்கே எல்லோருடைய கவனமும் அடுத்து எந்த ஆயுதம் கிடைக்கும், எந்த அரக்கனை வீழ்த்தலாம் என்பதிலேயே இருந்தது. உடன் வருகிறவர் ஒரு மனிதர் என்ற எண்ணத்துக்கு அந்த ஆட்டத்தில் இடமே இல்லை. ஆகவே, ஓர் அந்நியர் இன்னோர் அந்நியரைக் கண்டதும் உள்ளம் நெகிழும்படி ஒரு கேம் செய்ய முடியுமா என்ற கேள்வியோடு ஜர்னி தொடங்கியது. ஓராண்டில் முடிய வேண்டிய வேலை மூன்றாண்டு இழுத்தது. இறுதிக் கட்டத்தில் நிறுவனம் திவாலாகும் நிலைக்கே வந்துவிட்டது. உணர்ச்சியைத் தாளில் திட்டமிட முடியாது, ஆட்களை விளையாடவிட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அப்படி விளையாடவிட்டுப் பார்த்தபோது நடந்த ஒன்றைச் சென் பலமுறை விவரித்திருக்கிறார். இந்த கேமைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை. தொடக்க வடிவங்களில், உண்மையான உடல்களைப் போலவே இரண்டு உருவங்களும் ஒன்றையொன்று தள்ள முடியும். உயரமான இடத்தில் ஏற ஒருவர் மற்றவருக்குக் கைகொடுப்பார், ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வார்கள் என்பது உருவாக்கியவர்களின் எதிர்பார்ப்பு. ஆனால் விளையாட வந்தவர்கள், நல்லவர்கள்தாம், உடன் வந்தவரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு மகிழ்ந்தார்கள். இதே கேமை இவ்வளவு காலம் செதுக்கிக்கொண்டிருந்த குழுவினரே, ஒருவரோடொருவர் விளையாடும்போது தள்ளினார்களாம். மனிதர் இயல்பே இதுதானா என்று மனம் சோர்ந்திருந்த சென்னிடம், குழந்தை உளவியல் அறிந்த ஒருவர் வேறு விளக்கம் தந்தார். புதிய உலகம் ஒன்றுக்குள் நுழைகிறவர் குழந்தையைப் போன்றவர். அங்கே எது நல்லது, எது தீயது என்பது அவருக்குத் தெரியாது. எந்தச் செயலுக்கு மிகப் பெரிய எதிர்வினை கிடைக்கிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்வார். தள்ளினால் ஒருவர் விழுகிறார், அலறுகிறார், காட்சி மாறுகிறது. கைகொடுத்தால் அப்படி ஒன்றும் நிகழ்வதில்லை. அந்த எதிர்வினையை எடுத்துவிட்டால் அந்தச் செயலும் நின்றுவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

அதன்படி மோதலையே எடுத்துவிட்டார்கள். இன்றைய ஜர்னியில் ஒருவர் மற்றவரைத் தள்ள முடியாது. அதற்கு மாறாக, ஒருவரையொருவர் நெருங்கினால் இருவருடைய அங்கிகளும் ஒளிர்கின்றன, ஓர் இனிய ஒலி எழுகிறது, பறப்பதற்கான ஆற்றல் நிரம்புகிறது. பெரிய எதிர்வினை இப்போது நெருக்கத்துக்குக் கிடைக்கிறது. வளங்களுக்குப் போட்டியிடும் அமைப்பு ஒன்றும் இருந்ததாம், அதையும் நீக்கிவிட்டார்கள். இருவர் சேர்ந்தால்தான் அவிழும் புதிர்களும் இருந்தன. அவை நட்பைக் கட்டாயப்படுத்துவதுபோல் இருந்ததால் அவையும் போயின. மூன்று, நான்கு பேர் கூடினால் குழுக்கள் பிரிந்து யாரோ ஒருவர் ஒதுக்கப்படுவதைக் கண்டு, ஒரு நேரத்தில் இருவர் மட்டும் என்று முடிவு செய்தார்கள். பேசும் வசதி இல்லை. பெயர் தெரிவதில்லை. நண்பரை அழைத்து வர வழியில்லை. உலகில் எங்கோ அந்த நேரத்தில் அதே இடத்தில் நடந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவர், எந்த அறிவிப்பும் இன்றி நம் மணலில் தோன்றுகிறார். சிற்பி கல்லிலிருந்து வேண்டாததைத் தட்டி எடுப்பதாகச் சொல்வார்களே, அதுபோல இங்கே கெட்டவனாக இருப்பதற்கான வழிகளைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். இது மனிதரை நல்லவராக்கிக் காட்டும் ஏமாற்று என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துணையை விட்டுவிட்டு முன்னே ஓடிவிட இந்த கேமில் எந்தத் தடையும் இல்லை. தனியாகவே முழுப் பயணத்தையும் முடிக்கலாம். காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனாலும் பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருத்தல் அவர்களுடையதே.

இயக்குவது மிக எளிது. கன்ட்ரோலரில் உள்ள ஒரு சிறு குச்சியை விரலால் சாய்த்து நடக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால், கழுத்தில் தொங்கும் துண்டில் ஒளியெழுத்துகள் இருக்கும்வரை பறக்கலாம். இன்னொன்றை அழுத்தினால் அந்த உருவம் ஒரு சுருதியில் கூவும். சிறிதாகத் தட்டினால் குருவியின் கீச்சொலி போல. நீண்ட நேரம் அழுத்திவிட்டால் பெரிய ஒளிவட்டத்தோடு மணியோசை போல. கூவும்போது தலைக்கு மேலே ஒரு சின்னம் தோன்றும். அது ஒவ்வொருவருக்கும் வேறுவேறு. இந்த ஒற்றைக் கூவலைத் தவிர வேறு மொழி இல்லாதபோது, சில நிமிடங்களில் ஒரு மொழி உருவாகிவிடுவதை ஒவ்வொரு முறையும் வியப்போடு பார்த்திருக்கிறேன். விரைவாக இரண்டு மூன்று முறை கூவினால் இங்கே வா என்று பொருள். நீண்ட ஒன்று, நீ எங்கே இருக்கிறாய். ஒளிரும் எழுத்தொன்றைக் கண்டெடுத்த மகிழ்ச்சிக்கு ஒரு கூவல், துணை தவறி விழுந்தால் பரிவோடு மெல்லிய ஒரு கூவல். எனக்கு இதையெல்லாம் யாரும் கற்றுத்தரவில்லை, எதிரிலிருந்தவருக்கும்தான்.

என் முதல் பயணத்தில், இளஞ்சிவப்பு மணல் விரிந்த இரண்டாவது பாலைவனத்தில் அந்தத் துணை தோன்றியது. முதலில் அதை கேமே இயக்கும் பொம்மை என்று எண்ணினேன். நான் நின்றதும் அது சற்றுத் தூரம் போய்த் திரும்பி வந்து, என்னைச் சுற்றி ஒரு வட்டமடித்துக் கூவியது. எந்த நிரலும் அப்படித் தயங்காது. இதற்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்று உடம்பு உணர்ந்த அந்தக் கணத்தில் கன்ட்ரோலரை நான் பிடித்திருந்த விதமே மாறியது. மறையும் சூரியன் தூண்களுக்கிடையே தெரிய, பொன்னிற மணற்சரிவில் இருவரும் சறுக்கிச் சென்ற காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குத் தகுதியான காட்சிதான். எனக்கு அதைவிட ஆழமாகப் பதிந்தது அதற்குப் பின் வரும் நிலத்தடிக் கூடம். நீல இருளில் கல்லாலான நீண்ட பாம்பு போன்ற காவல் இயந்திரங்கள் மிதந்து வருகின்றன, அவற்றின் ஒற்றை விளக்கு தேடுகிறது. அதன் பார்வையில் சிக்கினால் உயிர் போகாது. கழுத்துத் துண்டின் ஒரு பகுதி கிழிந்துபோகும். இவ்வளவு நேரம் எழுத்தெழுத்தாகச் சேர்த்து வளர்த்த துண்டு அது. அன்று ஓர் இயந்திரம் என்னை நோக்கித் திரும்பியபோது, என் துணை மறைவிடத்திலிருந்து வெளியே வந்து அதன் வழியில் நின்றது. என்னைக் காக்கத்தான் வந்ததா, வழி தெரியாமல் வந்ததா என்பதை நான் அறிய வழியில்லை. அதன் துண்டு பாதியாகக் கிழிந்தது. நான் ஓடிப்போய் அதன் அருகில் நின்று, ஒளி நிரம்பும்வரை கூவிக்கொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்க வேறு சொல் என்னிடம் இல்லை.

பிறகு ஒளி நீரைப் போல நிரம்பிக்கொண்டே போகும் கோபுரம். அதன் உச்சியில் ஒரு கதவு. கதவுக்கு அப்பால் பனிமலை. ஜர்னியின் உயிர் இந்த மலைச்சரிவில் இருக்கிறது. இதுவரை கேம் நமக்குப் பழக்கியவை அனைத்தையும் இங்கே ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. துண்டு உறைந்து விறைக்கிறது, அதனால் பறக்க முடிவதில்லை. கூவினால் ஒலி சிறுத்துப் போகிறது. காற்று வீசும்போது கல்மறைவில் ஒதுங்காவிட்டால் நம்மைப் பின்னுக்கு அடித்துத் தள்ளுகிறது. இருவர் ஒட்டி நின்றால் மட்டும் சற்றே வெப்பம் பிறந்து துண்டில் ஒளி மினுக்குகிறது. ஆகவே மணலில் விளையாட்டாக நெருங்கியவர்கள் இங்கே தேவையால் நெருங்குகிறார்கள். குச்சியை முழுவதும் முன்னோக்கி அழுத்தியிருக்கிறேன், ஆனால் உருவம் ஓரடி வைக்கவே திணறுகிறது. கட்டைவிரல் வலித்தது. அழுத்தினால் வேகம் கூடாது என்று தெரிந்தும் என் விரல் இன்னும் அழுத்தியது. ஒரு நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து அவர் மூச்சோடு சேர்ந்து நம் மூச்சும் இழுபடுவதை அனுபவித்தவர்களுக்கு இந்த உணர்வு புரியும். திரைப்படத்தில் ஒருவர் பனியில் தள்ளாடுவதைப் பார்க்கும்போது நான் இரங்குவேன். இங்கே தள்ளாடியது என் கை.

அந்தச் சரிவின் நடுவே ஒரு பெருங்காற்று வந்தது. நான் ஒரு கல்லின் பின்னால் ஒதுங்கிவிட்டேன். என் துணை ஒதுங்கவில்லை. காற்று ஓய்ந்ததும் வெளியே வந்து பார்த்தால் வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. கூவினேன். சிறுத்துப்போன என் குரல் நான்கடி தூரம்கூடப் போகவில்லை. பின்னால் இறங்கித் தேடினேன், திரும்ப ஏறினேன், கல்லடியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவர் இணைப்பு அறுந்திருக்கலாம், கருவியை அணைத்துவிட்டு உறங்கப் போயிருக்கலாம்; அறிவுக்கு அது தெரியும். ஆனால் என் கண்கள் கலங்கியிருந்தன. நம் இலக்கியத்தில் பாலை பிரிவுக்குரிய நிலம். பாலையில் தொடங்கிய இந்தப் பயணம் பிரிவை மட்டும் பனிமலையில் ஒளித்து வைத்திருந்தது. அன்று தனியாகத்தான் ஏறினேன். அடிகள் குறுகி, உருவம் முழந்தாளிட்டு, முகம் கவிழ விழுந்தது, திரை வெண்மையாயிற்று. அந்த வெண்மை நீடிக்கிறது. எந்தப் பொத்தானும் வேலை செய்வதில்லை.

அதன் பின் வெள்ளை அங்கி அணிந்த முன்னோர் ஆறு பேர் நம்மைச் சூழ்ந்து நிற்கிறார்கள், நாம் எழுகிறோம், அள்ளிப் பறிக்கப்பட்டவை எல்லாம் பன்மடங்காகத் திரும்புகின்றன. மேகங்களுக்கு மேலே, வற்றாத ஆற்றலோடு, உச்சிவரை பறக்கலாம். ஆஸ்டின் விண்டரியின் இசை இங்கே விரிந்து மலரும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒற்றைச் செல்லோவில் பிறக்கும் ஒரு மெட்டு, நம்மோடு நடந்து, பனியில் தேய்ந்து, இந்த உச்சியில் முழு இசைக்குழுவாகிறது. அந்தக் குழு மாசிடோனிய வானொலியின் சிம்பொனிக் குழு. நாம் நின்றால் இசையும் நிற்பதுபோல், ஓடினால் அதுவும் விரைவதுபோல், விளையாடுபவரின் செயலுக்கேற்ப மாறும்படி அமைக்கப்பட்டது அது. திரைப்படங்களுக்கான பின்னணி இசையோடு ஒரே பிரிவில் நின்று கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் வீடியோ கேம் இசை இதுதான். 2013இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் ஐந்து இந்த கேமுக்குக் கிடைத்தன.

இவ்வளவு உணர்ச்சியும் இசை கொடுத்த கடன்தானோ என்ற ஐயம் எனக்கு நீண்ட நாள் இருந்தது. அதைச் சோதிக்க ஒருமுறை ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டு விளையாடினேன். உச்சியை நோக்கிய பறத்தல் பெரிதும் வெளிறிப்போயிற்று. அழகான வண்ணங்களாக மட்டுமே அது மிஞ்சியது. அந்த இடத்தில் இசைதான் நம்மைத் தூக்கிச் செல்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பனிச்சரிவோ சிறிதும் குறையவில்லை. ஒலி இல்லாமலே அது என்னை அதே அளவுக்கு வருத்தியது. பறத்தலில் நாம் பெறுபவர்கள், பனியில் நாம் செய்பவர்கள்; வேறுபாடு அங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த ஊடகத்தின் வலிமை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அந்த ஒலியற்ற பனிச்சரிவை நான் சுட்டிக்காட்டுவேன்.

குறைகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சுவரோவியங்கள் போன்ற காட்சிகள், ஒரு பழைய நாகரிகம் எழுந்து, ஆற்றலுக்காகப் போரிட்டு, அழிந்ததைச் சொல்கின்றன. அவை பார்க்க அழகாக இருந்தாலும் மனத்தில் ஒட்டவில்லை. அந்த மக்கள் யார், எதை இழந்தார்கள் என்பது அவ்வளவு பொதுமையாகச் சொல்லப்பட்டிருப்பதால், கல்லறைகளுக்கிடையே நடந்தும் எனக்குத் துக்கம் வரவில்லை. துணையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள், அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றி அந்த அளவுக்குச் சிந்திக்கவில்லை. இரண்டாவதாக, பாதை ஏறக்குறைய ஒற்றைக் கோடு. சுற்றிப் பார்க்க இடமிருந்தாலும், எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டம் எங்கும் வருவதில்லை. ஆகவே குற்ற உணர்வு, கடமை, மன உளைச்சல் போன்ற சிக்கலான உணர்ச்சிகள் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஐபோனில் கண்ணாடித் திரையின்மேல் விரலை இழுத்து விளையாடும்போது பார்வைக் கோணம் அடிக்கடி வழுக்குகிறது. அதைவிட, குச்சியை அழுத்தும் அந்தத் தடை அங்கே இல்லாததால் பனிச்சரிவு தன் பாதி ஆற்றலை இழந்துவிடுகிறது. நான் மேலே சொன்ன காரணத்தால், இதை ஒரு சிறு குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. துணையாக வருகிறவர் அவசரக்காரராக இருந்து உங்களை விட்டுவிட்டுப் போய்விடும் நாளும் உண்டு. அது மனிதரோடு விளையாடுவதில் இயல்பாக உள்ள அபாயம். அதை நீக்கினால் காத்திருப்பவருடைய அன்புக்கும் பொருள் இருக்காது.

கையின் வழியே உணர்ச்சியைக் கொண்டுவந்த கேம் இது ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. 2013இல் ஸ்வீடனிலிருந்து வந்த 'பிரதர்ஸ்', கன்ட்ரோலரின் இடப் பாதியை அண்ணனுக்கும் வலப் பாதியைத் தம்பிக்கும் கொடுத்தது. மூன்று நான்கு மணி நேரம் இரண்டு கைகளும் இரண்டு சகோதரர்களாகப் பழகிய பிறகு, இறுதியில் அந்த அமைப்பைக் கொண்டே அது செய்யும் ஒன்று, வேறெந்தக் கலையிலும் செய்ய முடியாதது. ஜர்னியை விரும்பியவர்கள் அடுத்து அதை விளையாட வேண்டும். தட்கேம்கம்பெனியே 2019இல் வெளியிட்ட 'ஸ்கை' இதே அந்நியர் அன்பைப் பலர் கூடும் பெரிய உலகமாக விரிக்கிறது, அதுவும் இலவசமாக. ஆனால் அதில் நட்பை வளர்க்க மெழுகுவர்த்திகளைச் சேர்த்துச் செலவிட வேண்டும். எண்ணிக்கை நுழைந்ததும் என் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஜர்னியில் எனக்கு அது நிகழவே இல்லை.

திரும்பத் திரும்ப விளையாடத் தகுந்ததா என்று கேட்டால், என் பதில் ஆம் என்பதே. அது மணல் அழகுக்காக மட்டுமன்று. ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் அங்கியின் விளிம்பில் வேலைப்பாடு கூடும். ஒளியெழுத்துகள் அனைத்தையும் கண்டெடுத்தால் வெள்ளை அங்கி கிடைக்கும். வெள்ளை அங்கிக்காரர்களுக்கு எல்லா மறைவிடங்களும் தெரியும். அவர்களில் பலர் புதியவர்களுக்கு வழிகாட்டுவதற்காகவே திரும்பத் திரும்ப வருகிறார்கள். அப்படி வந்த ஒருவர் என் மூன்றாம் பயணத்தில் உச்சிவரை உடன் வந்தார். பறத்தல் முடிந்து, ஒளியை நோக்கிய கடைசிச் சில அடிகளில் வேகம் குறைந்துவிடும். நடக்க மட்டும்தான் முடியும். அங்கே அவர் நின்று, பனியில் தம் காலடிகளால் மெதுவாக ஓர் இதயத்தின் வடிவத்தை வரைந்தார். பிறகு இருவரும் ஒளிக்குள் போனோம். இப்போது நான் வெள்ளை அங்கி அணிந்து போகும் நாட்களில், முதல்முறை வருகிறவரை எளிதில் அடையாளம் கண்டுகொள்வேன். அவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டு சற்று அதிக நேரம் நிற்பார்கள்.

வாங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். ப்ளேஸ்டேஷன் 4 பதிப்பு என் முதல் தேர்வு. கன்ட்ரோலர் இணைத்த கணினியும் ஏற்றதே, அந்தப் பதிப்பு 2019இலிருந்து கிடைக்கிறது. இணைய இணைப்பு கட்டாயம் இருக்கட்டும், அதில்லாமல் ஜர்னியின் பாதி இல்லை. ஹெட்ஃபோன் அணிந்து, அலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரே அமர்வில் முடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு விலையா என்று என் வீட்டில் கேட்டார்கள். அதே இரண்டு மணி நேரத்தை அவர்களும் ஒருநாள் இருந்து பார்த்தார்கள். அதன் பின் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். கேம் முடிந்து, உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடி மறைந்ததும், வழியில் உடன் வந்தவர்களின் கணக்குப் பெயர்களையும், பக்கத்திலேயே அவரவர் சின்னத்தையும் திரை காட்டும். என் முதல் பயணத்தில் ஒரே ஒரு துணை வந்ததாகவே நான் நம்பியிருந்தேன். திரையில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஒருவர் விலகியபோது நான் அறியாமலே இன்னொருவர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். எல்லோரும் ஒரே சிவப்பு அங்கி அணிந்திருந்ததால் ஒருவரே என்று எண்ணி நடந்திருக்கிறேன். இயந்திரத்தின் முன்னால் வந்து நின்றவர் யார், பனியில் தொலைந்தவர் யார் என்று அறிய எனக்கிருந்த ஒரே வழி அந்தச் சின்னம்தான். அவர் கூவிய ஒவ்வொரு முறையும் அது அவருடைய தலைக்கு மேலே ஒளிர்ந்தது, நான் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. அன்றிரவு ஐந்து பேருக்கும் நன்றி என்று எழுதி அனுப்பினேன். மூவர் பதில் எழுதினார்கள். இப்போதெல்லாம் யாராவது மணலில் தோன்றியதும் நான் முதலில் செய்வது, அவர்கள் கூவும்வரை காத்திருந்து, அந்தச் சின்னத்தை ஒரு தாளில் வரைந்துகொள்வது.